நெனித்தா தலையாட்டியது

மார்ச் 4, திங்கள்
கோர்ட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறது. நான் வாடகை டிரைசிக்கிள் ஓட்டும் ஸ்டாண்டு முழுக்க இதே பேச்சு. என் தங்கை மகள் நெனித்தாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. புருஷன் போய்ச் சேர்ந்ததும், பையன் ரெய்னெல் தன்னிடம்தான் வளரவேண்டும் என்று மாமியார் பெர்லா வழக்குப் போட்டிருக்கிறாள். ராத்திரி பிள்ளை அழுதால் இவளுக்கு எப்படிக் கேட்குமாம். கோர்ட்டில் கைமொழி தெரிந்த ஆள் இல்லை. நான் எதற்கு இருக்கிறேன்? பனாய்த் தீவிலேயே என்னைப்போல் கையால் பேசுகிறவன் கிடையாது. காது கேளாத மீனவர் நாற்பது பேரின் சண்டையை ஒற்றைக் கையால் தீர்த்தவன் நான். இன்னொரு கையில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 7, வியாழன்
கோர்ட்டே வாயைப் பிளந்தது. பிள்ளையை மாமியாரிடம் விடச் சம்மதமா என்று நீதிபதியம்மா கேட்டார். எங்கள் வீட்டுச் சைகையில் 'சம்மதம்' கிடையாது. சோறு, மழை, வா, போ, இப்படித்தான் இருக்கும். அதனாலென்ன, பையன், மாமியார், வீடு, தூக்கம் என்று வெளுத்து வாங்கினேன். நெனித்தா என் கையையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். "சம்மதமாம் அம்மா, மனப்பூர்வமா. மாமியார் தெய்வம்ங்கறா" என்றேன். எழுதிக்கொண்டார்.

மார்ச் 8
பெர்லா வந்து பையனை ஜீப்னி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். நெனித்தா பின்னாலேயே ஓடினாள். அவள் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் — நான் கேட்டதே இல்லை.

மார்ச் 9
என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்துகிறாள். நான் என்ன செய்தேன்?

மார்ச் 12
ஜோவெலின் என்ற பெண்ணை நெனித்தா கூட்டிவந்தாள். அந்தப் பெண்ணுடைய அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது. இவளுக்குக் கேட்கும். கைமொழி பெயர்ப்பதே தொழில். நெனித்தா காது கேளாதோர் பள்ளியில் படித்தது இந்தக் கைமொழிதானாம்.
"அவ சம்மதிச்சான்னு எப்படிச் சொன்னீங்க, மாமா?"
"தலையாட்டினாளே. ஊரே பாத்துச்சு."
"காது கேக்காதவங்க பேச்சு நடக்கறப்பவே தலையாட்டுவாங்க. பாத்துக்கிட்டிருக்கேன், மேல சொல்லுன்னு அர்த்தம். நீங்க போன்ல 'ம், ம்'னு சொல்றதில்லையா?"
பையன் எப்போதாவது மாமியார் வீட்டில் தூங்கியிருக்கிறானா என்று நான் ஏதோ கேட்பதாக நெனித்தா நினைத்தாளாம். கேள்வி முடியட்டும் என்று காத்திருந்தாளாம்.
பிறந்த நாளிலிருந்து அவளோடு பேசிக்கொண்டிருக்கிறேன். பேசினேனா?

மார்ச் 15
மறுபடி விசாரிக்கச் சொல்லி மனுப் போடப்போகிறார்கள். எனக்குக் கைமொழி தெரியாது என்று நானே நீதிபதியிடம் சொல்லவேண்டுமாம். ஸ்டாண்டு ஆட்கள் முன்னாலா? அந்த மீனவர் கதையை அவர்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

ஏப்ரல் 11, வியாழன்
சொன்னேன். "அம்மா, எனக்கு அந்த பாஷை தெரியாதுங்க. அவ சரின்னு சொல்லவே இல்ல. நானா சேத்துச் சொன்னது." பின்பெஞ்சில் எவனோ சிரித்தான். சிரிக்கட்டும்.
பிறகு ஜோவெலின் எழுந்து எதிரில் நின்றாள். நெனித்தா பேசினாள். எவ்வளவு நேரம்! இவளிடம் இத்தனை பேச்சு இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? "எம்புள்ள என் வயித்து மேல கைய வெச்சுக்கிட்டுத்தான் தூங்குவான். அவன் அழுதா என் உடம்புக்குத் தெரியும்" என்றாளாம். நீதிபதியம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஏப்ரல் 20, சனி
பையன் அம்மாவிடமே வளரட்டும் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. பெர்லா வீட்டிலிருந்து ரெய்னெலை அழைத்துவந்தோம், என் வண்டியில்தான். அம்மாவும் பிள்ளையும் வழியெல்லாம் கையால் பேசிக்கொண்டே வந்தார்கள். ஒரு இடத்தில் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்படி என்ன பேசினார்கள் என்று ஸ்டாண்டில் கேட்டார்கள்.
தெரியாது என்றேன்.