கசங்காத படுக்கை

மார்ச் 6, வியாழன்

நாளை தீவுக்குக் கிளம்புகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று, மேலாளரிடம் சொல்லியாயிற்று. வருடக்கணக்காக ஓட்டலில் மற்றவர்கள் படுத்தெழுந்த படுக்கையை விரித்துப் போடுகிறவள், முதல்முறையாக ஓட்டலில் போய்ப் படுக்கப்போகிறேன்.

போன மாதம் என் வீட்டுக்காரர் சொன்னதை இதில் எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். எழுதிவிடுகிறேன். "தனித்தனியா இருந்துடலாமா? இப்பவும் அப்படித்தானே இருக்கோம்." கோபமில்லை, சண்டையில்லை. லீவு நாளில் சாக்ஸ் காயப்போட்டுக்கொண்டே கேட்டார். இரவெல்லாம் பஸ் ஓட்டுகிறவர். காலையில் அவர் வீடு வந்து சேருமுன் நான் வேலைக்குப் போயிருப்பேன்; நான் திரும்புமுன் அவர் கிளம்பியிருப்பார்.

விடமாட்டேன். இரண்டு நாள், ஒரே படகு, ஒரே அறை. எங்கே தப்பித்துப் போவார் பார்க்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

படகில் எனக்கு வாந்தி. முதுகைத் தடவிவிட்டார். நல்ல ஆரம்பம்தான்.

அறை பரவாயில்லை. கண்ணாடி மூலையில் சோப்புக் கறை. துடைக்க மாட்டேன்.

துடைத்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

காலையில் கலங்கரை விளக்கம். உச்சியில் நின்றால் தீவு முழுக்கத் தென்னை, சுற்றிலும் பச்சையும் நீலமுமாகக் கடல். "அழகா இருக்குல்ல?" என்றேன். "ம்" என்றார். அடுத்து, அடியில் கண்ணாடி பதித்த படகில் பவளப்பாறை பார்க்கப் போனோம். படகு திரும்பும்போதெல்லாம் இவர் கால் பிரேக்கைத் தேடுகிறது! கீழே இத்தனை நிறத்தில் மீன் ஓடுகிறது, இவர் படகோட்டியின் கையையே பார்க்கிறார். "மீனைப் பாருங்க!" என்று அதட்டினேன். பக்கத்திலிருந்த நாலு பேரும் சட்டென்று குனிந்தார்கள்.

பசியோடு திரும்பினால், எங்கள் அறைக் கதவைத் திறந்தவர் இடுப்பில் துண்டு கட்டிய யாரோ ஒரு மனிதர்.

நடந்தது இதுதான். கிளம்புமுன் கை சும்மா இருக்கவில்லை. விரிப்பை இழுத்துச் செருகி, தலையணையைத் தட்டி, குளியலறையை ஈரமில்லாமல் துடைத்து, பெட்டியை அலமாரிக்குள் தள்ளிச் சாத்திவிட்டேன். சாவியை வரவேற்பில் கொடுத்துவிட்டுப் போனோம். சுத்தம் செய்ய வந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, அறை காலி என்று சொல்லிவிட்டாள்; சாவியும் வரவேற்பில் இருந்ததால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"மன்னிச்சிருங்கம்மா, ஆள் தங்கின சுவடே இல்லைன்னாங்க" என்று வரவேற்பாளர் கையைப் பிசைந்தார். எனக்குப் பெருமைப்படுவதா, கத்துவதா என்று தெரியவில்லை. இவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வழியச் சிரித்தார். இந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! நானும் சிரித்தேன்.

வேறு அறை தயாராகும்வரை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "நம்ம வீடும் இப்படித்தான். காலைல வந்து பார்த்தா, நீ தூங்கினியா, சாப்பிட்டியா, ஒண்ணும் தெரியாது. எல்லாம் மடிச்சிருக்கும், கழுவியிருக்கும். காலி வீட்டுக்குள்ள நுழையற மாதிரி இருக்கும்."

உங்களுக்காகத்தானே செய்தேன் என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். இப்போது எழுதும்போது அழுகை வருகிறது. எல்லாத்தையும் பார்த்துப் பார்த்து செஞ்சுட்டு, கடைசில நாந்தான் அந்த வீட்ல இல்லாம போயிட்டேனா?

மார்ச் 9, ஞாயிறு

மழை. அருவிக்குப் போகவேண்டாம் என்றார்கள். போனோம். பாதி வழியில் வழுக்கி விழுந்து என் உடம்பெல்லாம் சேறு.

"திரும்பிடலாமா?"

"முடியாது."

அருவி, சரியாக மூடாத குழாய்போல ஒழுகிக்கொண்டிருந்தது. "இதுக்கா?" என்றார். "இதுக்குத்தான்" என்றேன். நனைந்துகொண்டே சொல்லிவிட்டேன்: "தனியா எல்லாம் எங்கேயும் போகக்கூடாது. நான் இருக்கேன். இருக்கறது தெரியற மாதிரி இனிமே இருக்கேன்."

அவர் என் முழங்கையில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துவிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

மேலாளரிடம் மதிய ஷிஃப்ட் கேட்டேன். "காலைக்கு வேற ஆள் இல்லம்மா."

"அப்ப நானும் இல்ல சார்."

எனக்கா இந்தத் தைரியம்? யோசித்துச் சொல்கிறாராம். யோசிக்கட்டும்.

மார்ச் 14, வெள்ளி

மேலாளர் கொடுத்துவிட்டார், திங்கள் முதல் மதிய ஷிஃப்ட். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 17, திங்கள்

காலையில் அடுப்படியில் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் தன் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு வீட்ல?"

"நான்தான்."