அப்பாவின் நாற்காலியைத் தொட வேண்டாம்

லண்டன், வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இசைத்தாள் அடுக்கும் என்னை, நேற்று முதன்முறையாகப் படத்தின் பின்னணி இசைப்பதிவை உள்ளே உட்கார்ந்து பார்க்கவிட்டார்கள். எழுபது பேர் வாசித்து முடித்தார்கள். சிவப்பு விளக்கு அணையும்வரை யாரும் அசையக்கூடாது. அந்த அமைதியில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. என்னுடையதுதான்.

"யாரும்மா அது, நான் எழுதாத சுரத்த வாசிக்கிறது?" என்றார் இசையமைப்பாளர் அலஸ்டேர். "இன்னொரு தடவ வாசிப்போம். நாற்காலி மட்டும் லீவு எடுத்துக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். வேலை போகவில்லை, பயப்படாதே.

சாப்பிட்டு அப்பா எழும்போது நம் சமையலறையில் கேட்கும் அதே சத்தம், அம்மா. இங்கே என் அறை நாற்காலி சத்தமே போடுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு நான் வருவதற்குள் அவர் நாற்காலியைச் சரிசெய்துவிடுவதாக எழுதியிருக்கிறாரே, எப்படியாவது தடுத்துவிடு.

கூப்பிடுகிறார்கள்.

உன் மகள் நூலா