உன் வாக்கை மீறி வாங்கிய டிராக்டர்

கோபமாகத்தான் இருப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன், என் ஆசை அண்ணனுக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ கொடுத்த வாக்கை நான் மீறிவிட்டேன். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, பெரியப்பா மகன் தங்கராசு நீட்டிய வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு, "எனக்கப்புறம் ரெண்டு ஏக்கரையும் நீயே குத்தகைக்கு வச்சுக்க, தங்கச்சிக்கு வருசா வருசம் நெல்லு அளந்துரு" என்று சொன்னாயே, அந்த வாக்கைத்தான். செத்தவன் வாக்கை மீறினால் குடும்பம் விளங்காது என்று ஊரில் பேசுகிறார்கள். விளங்குவதற்கு நம் குடும்பத்தில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? நீ கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டாய். நான் கல்யாணம் செய்துகொண்டு திரும்பி வந்தவள்.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல்ல முடியாவிட்டாலும் கேட்டுக்கொள். நான் அந்தக் கட்டிலின் தலைமாட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

உன் மனது எனக்குப் புரியாமல் இல்லை. இருபது வருடம் தங்கராசு அண்ணனின் டிராக்டரை ஓட்டினாய். ஒவ்வொரு கோடையிலும் நம் ஊர்க் குளத்து வண்டலை ஊரார் வயலுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொட்டினாய். குளக்கரைக்கு அடுத்தாற்போல் கிடக்கும் நம் செம்மண்ணுக்கு மட்டும் ஒரு நடை வரவில்லை. மண் அள்ளும் இயந்திரமும் அவருடையது, டிராக்டரும் அவருடையது, யாருக்கு எப்போது என்பதும் அவர் வாய்ச்சொல். "அடுத்தது ஒனக்குத்தாண்டா" என்பார். அடுத்தது மழை வந்துவிடும். சத்தில்லாத அந்த மண்ணில் எள்ளும் கொள்ளும் விதைத்து, தங்கச்சியால் இதைக் கட்டி இழுக்க முடியாது என்று நீயே முடிவு செய்துவிட்டாய்.

நீ போனது ஐப்பசியில். மாசியில் தங்கராசு அண்ணன் வேலி போடுவதற்குக் கல்கால்களைக் கொண்டுவந்து நம் வரப்போரம் இறக்கினார். ஆள் உயரக் கருங்கல் கால்கள், ஐம்பதுக்குக் குறையாது. அதைப் பார்த்த அன்று நான் சோறு தின்னவில்லை. மறுநாள் காலை நேராக அவர் வீட்டுக்குப் போனேன். பெரியவர்கள் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று அவர்கள் முன்னாலேயே சொன்னேன்.

"அண்ணே, வார ஆடிப் பதினெட்டுக்குள்ள ரெண்டு ஏக்கருக்கும் நானே வண்டல் அடிச்சு, சம்பங்கி ஊண்டிக் காட்டுறேன். முடியலேன்னா நானே வந்து நெலத்த ஒப்படைக்கிறேன். முடிச்சுட்டேன்னா எங்கண்ணன் வாங்குன வெத்தலையத் திருப்பி வாங்கிக்கிறணும்."

அவர் சிரித்தார். "ஏத்தா ராசாத்தி, எதுல அடிப்ப? தலைச்சொமையாவா?"

"அது ஏம்பாடு."

பெரியவர்களில் ஒருவர், "சரிய்யா, கேக்குறால்ல, ஆடி வரைக்கும் பொறுத்தா என்ன கொறஞ்சு போகும்?" என்றார். தங்கராசு அண்ணனும் தலையாட்டிவிட்டார். நான் தோற்பேன் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

கறவை மாடு இரண்டையும் விற்றேன், அண்ணே. கத்தாதே. பேகம்பூரில் பட்டறை வைத்திருக்கும் காதர் பாயைத் தெரியுமல்லவா, உன்னோடு டீ குடிப்பாரே, அவரிடம் போய் முன்னால் பக்கெட் வைத்த பழைய டிராக்டர் எங்காவது கிடைக்குமா என்று கேட்டேன். கீரனூரில் ஒன்று நிற்கிறது என்று அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் ஒரு செங்கல் சூளையில் இருந்த வண்டியாம். எனக்கும் அதற்கும் ஏறத்தாழ ஒரே வயது. முன்பக்கம் இரண்டு இரும்புக் கைகள், நுனியில் மண் அள்ளும் பக்கெட். பெயிண்ட் என்ன நிறம் என்று கேட்டால் துரு நிறம் என்றுதான் சொல்ல வேண்டும். செல்ஃப் கிடையாது. சரிவில் நிறுத்தி உருட்டிவிட்டுத்தான் கிளப்ப வேண்டும்.

வண்டிக்காரர் என்னைத் தாண்டிப் பாயை எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, வண்டிய ஓட்டறது ஆருங்க?"

"நாந்தான்."

"வெளையாடாதீங்க. இவருங்களா?"

"இவரு மெக்கானிக்கு. இவருக்கு ரிப்பேர் பாக்கத்தான் தெரியும், மண்ணு அள்ளத் தெரியாது."

காதர் பாய் எஞ்சினுக்குக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "எஞ்சினு கல்லு மாதிரி இருக்குக்கா. மத்ததெல்லாம் ஆண்டவன் விட்ட வழி" என்றார். ஒட்டன்சத்திரம் வழியாக ரெட்டியார்சத்திரம் வரைக்கும் நானேதான் ஓட்டிவந்தேன். பாய் மட்கார்டில் உட்கார்ந்து வழியெல்லாம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஓதினாரா, என்னைத் திட்டினாரா தெரியாது.

எப்படிக் கற்றுக்கொண்டாய் என்று கேட்பாய். நீ உழும்போது கஞ்சித் தூக்கோடு வந்து அந்த மட்கார்டில் உட்காருவேனே, அப்போதெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன் என்றா நினைத்தாய்? உன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது கிளட்ச்சை மிதிக்கிறாய், எப்போது விடுகிறாய் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நீ ஒரு தடவைகூட ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

தாலுகா ஆபீசில் வண்டலுக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு குளத்தில் இறங்கினேன். டிரெய்லர் இல்லை. ஒரு பக்கெட் அள்ளுவது, கரை ஏறுவது, அந்தப் பக்கம் இறங்குவது, நம் வயலில் கொட்டுவது, திரும்புவது. மண் நிறைந்துவிட்டால் ஸ்டியரிங் அசையாது. இரண்டு கையாலும் தொங்க வேண்டும். சாயங்காலம் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கக்கூட விரல் மடங்காது.

முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. கரை மேல் கருப்பசாமி இருக்கிறாரே, கும்பாபிஷேகம் திருவிழா என்றால் மண் அள்ளும் வண்டிக்காரர்கள் சாமிக்கு முன்னால் பக்கெட்டைத் தூக்கி வணக்கம் வைப்பார்கள் அல்லவா? நானும் முதல் நடையாயிற்றே என்று கோயிலுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, பக்கெட்டை உயரத் தூக்கினேன். அவர்கள் வெறும் பக்கெட்டைத் தூக்குவார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. என் பக்கெட் நிறைய மண். வண்டி வேறு இறக்கத்தில் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டு ஒரு முழம் எழும்பிவிட்டன. குளம், வயல், நம் ஓட்டு வீடு எல்லாம் எனக்குக் கீழே தெரிந்தன. "அண்ணே!" என்று கத்திவிட்டேன். சாமியைக் கூப்பிடத் தோன்றவில்லை, உன்னைத்தான் கூப்பிட்டேன். எப்படியோ லிவரைத் தள்ளினேன். பக்கெட் தரையில் விழுந்தது, பின்பக்கம் தொப்பென்று இறங்கியது.

சேதி கேட்டுத் தங்கராசு அண்ணன் வந்து நின்றார். "கருப்பனே வேண்டாம்னு சொல்லிட்டான். இன்னும் எதுக்குத்தா வீம்பு?"

"வேண்டாம்னா கவுத்திருப்பாருல்ல? தூக்கிப் பாத்துட்டு எறக்கி விட்டுட்டாரு. ஓட்டுன்னு அர்த்தம்."

காதர் பாய்க்குப் போன் போட்டேன். "யக்கா, பக்கெட்டத் தரையோட ஒட்டித்தான் கொண்டு போகணும். மண்ணோட ஏறும்போது முன்னால ஏறுங்க, எறங்கும்போது ரிவர்ஸ்ல எறங்குங்க. முக்கியமா, பின்னாடி எடை கட்டுங்க" என்றார். எடைக்கு எங்கே போவேன்? வரப்பில் கிடந்தது எடை. தங்கராசு அண்ணனின் கல்கால்களில் நாலைக் கடப்பாரையால் நெம்பி உருட்டி, பின்னால் மாட்டியிருந்த கலப்பையின் மேல் ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டினேன். அதற்குப் பிறகு வண்டி தரையை விட்டு எழும்பவில்லை.

நம் நிலத்துக்கு வேலி போட வந்த கல், நம் நிலத்துக்கே மண் அடித்தது. இதை நீ பார்க்கவில்லையே என்று அன்று அழுதேன். சிரிப்பும் வந்தது.

சித்திரை போனது, வைகாசி போனது. நான் பின்பக்கமாகவே கரை இறங்குவதைப் பார்த்து, "ராசாத்தி வண்டிக்கு முன்னால போகத் தெரியாது" என்று கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனியில் ஒருநாள் பெருமழை பெய்து வண்டி குளத்துக்குள் அச்சுவரை புதைந்தது. ஐந்து நாள் போயிற்று. அந்த ஐந்து நாளும் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "நீ சொன்னதுதான் சரியா?" என்று கேட்டேன். நீ வழக்கம்போல் பேசாமல் இருந்தாய். அந்தக் கோபத்திலேயே எழுந்துபோய் மண்வெட்டியால் சக்கரத்தைத் தோண்டினேன்.

ஆடி பதினாறாம் தேதி கடைசி பக்கெட்டைக் கொட்டினேன். செம்மண் கண்ணுக்குத் தெரியவில்லை, வயல் முழுக்கக் கருப்பு. கல்லை இறக்கிவிட்டு அதே கலப்பையால் உழுது, நிலக்கோட்டையிலிருந்து வந்த சம்பங்கிக் கிழங்கை மறுநாள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஊன்றினோம். ஊர்ப் பெண்கள் பதினைந்து பேர் வந்தார்கள். நான் கூப்பிட்டது எட்டுப் பேரை.

பதினெட்டாம் பெருக்கன்று காலையில் நாலு கல்கால்களையும் கழுவி, அதே டிராக்டரில் ஏற்றிப்போய் தங்கராசு அண்ணன் வாசலில் இறக்கினேன். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினேன். அவர் நெடுநேரம் கையை நீட்டவில்லை.

"செத்தவன் பேச்சத் தூக்கிப் போட்டுட்டியே. நாளைக்கு அவன் மூஞ்சில எப்படித்தா முழிப்ப?"

"அவன் மூஞ்சில முழிச்சு வருசம் ஆகப்போகுதுண்ணே. தெனமும் நான் முழிக்கிறது அந்த மண்ணு மூஞ்சிலதான். வாங்கிக்கங்க."

வாங்கிக்கொண்டார். உள்ளே கூப்பிட்டு ஒரு வாய் காப்பி கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல மனிதர்தான். நம் நிலம்தான் அவருக்கு இல்லை.

இப்போது ஆவணி. கிழங்கு முளைவிட்டு ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. உன் முதல் திதி ஐப்பசியில் வருகிறது, அதற்குள் பூக்குமா என்று தெரியவில்லை. எல்லோரும் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் பெரிய மாலையாகச் சொல்லி வைக்கச் சொல்கிறார்கள். நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

நீ என்னைக் கேட்காமல் ஒரு வாக்குக் கொடுத்தாய். நான் உன்னைக் கேட்காமல் ஒன்று கொடுக்கிறேன். அடுத்தவர் மண்ணில் பூத்த பூ உன் கழுத்தில் ஏறாது. ஐப்பசிக்குள் நம் வயல் பூத்தால் சரி. பூக்காவிட்டால், அண்ணே, வெறும் கழுத்தோடு படத்தில் காத்திரு. முதல் மாலை உனக்குத்தான்.

இனியும் உன் பேச்சைக் கேட்கப்போகாத
உன் ஒரே தங்கச்சி,
ராசாத்தி