சுளுக்கு என்று சொன்னேன்

பாவா,

இன்று காலை மணவூரில் ரயிலின் பெண்கள் பெட்டிக்குள் ஒரு பள்ளிக்கூடக் கபடி அணி ஏறியது. ஒருத்தி முழங்காலுக்கு மேல் துணியைச் சுருட்டிவிட்டு வலி ஸ்பிரே அடித்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த பூக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் திருவள்ளூர் வரை அந்த வாசனையை இழுத்துக்கொண்டே போனேன்.

அத்தை வீட்டுக்குள் உனக்கு முன்னால் அந்த வாசனைதான் நுழையும். ஏரிக்கரை மண்ணில் ஆடிக்கொண்டிருந்த உன்னை, சம்பளத்துக்கு ஆடும் பெரிய அணி ஒன்று எடுத்துக்கொண்டது. முதல் சீசன் முழுக்க ஓரத்தில் உட்கார்ந்திருந்தாய். இரண்டாவதில் ரெய்டு போனாய். டிவியில் நீ கோட்டைத் தாண்டும்போதெல்லாம் அத்தையும் மூச்சடக்குவாள். நீ திரும்பி வந்த பிறகுதான் விடுவாள். "இவன் ஆடி முடிக்கறதுக்குள்ள எங்கக்கா போய்ச் சேந்துடும் போலக்கீதே" என்று அப்பா சிரிப்பார்.

மூன்றாவது சீசனுக்கு முன், பயிற்சியில் நாலு பேர் உன் வலது காலைப் பிடித்து மடக்கினார்கள். அரக்கோணத்தில் ஸ்கேன் எடுத்தோம். நம் குடும்பத்தில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"ஏய் காலேஜி, இன்னா எழுதிக்கீது, படி" என்றாய்.

முழங்காலில் தசைநார் பாதி கிழிந்திருந்தது. பளு தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் ஆடிக் கிருத்திகை. மூன்றாம் வருடமும் அணி உன்னை வைத்துக்கொண்டால், நீ முருகன் மலைக்குப் படிவழியாகக் காவடி எடுப்பாய் என்று அத்தை வேண்டிக்கொண்டிருந்தாள். அணியும் வைத்துக்கொண்டது, நீ மாலையும் போட்டுவிட்டிருந்தாய்.

"அம்மா கேட்டா சுளுக்குன்னு சொல்லிடு. நீ சொன்னா நம்பும். இல்லன்னா அழுதுகினே இருக்கும்."

அன்று மாலை அத்தை அந்தத் தாளை நீட்டி, "இன்னாமா போட்டுக்கீது?" என்றாள்.

"வெறும் சுளுக்குதான் அத்தை."

வாயில்லாத பெண் என்று ஊரே என்னைச் சொல்லும். அன்று அது எனக்கு வசதியாக இருந்தது.

முந்நூறு படிக்கு மேல் ஏறிவிட்டாய். அரோகரா சத்தத்துக்கு நடுவே உன் கால் மடங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். காவடியை மட்டும் கீழே விடவில்லை. விழுந்தும் உயர்த்திப் பிடித்திருந்தாய். மீதிப் படிகளை அப்பா அதை வாங்கிக்கொண்டு ஏறினார்.

உண்மை தெரிந்ததும் அத்தை உன்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வெச்சு, அடுத்த வருசம் எடுக்கறோம்பா முருகான்னு கேட்டிருப்பேனே. அவரு இன்னா, வேணாம்னா சொல்லப்போறாரு?"

அந்த சீசனில் உன் எண் போட்ட சட்டையை வேறொருவன் அணிந்து ஆடினான். அப்புறம் எந்த அணியும் கூப்பிடவில்லை. நீ ஷேர் ஆட்டோ ஓட்டினாய். இரண்டு வருடம் கழித்து, கே.ஜி.கண்டிகை அருகே அந்த ஆட்டோவில்தான் லாரி மோதியது. நீ வீடு திரும்பவில்லை.

போன வாரம் அத்தையிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தாளை நான் தப்பாகப் படிக்கவில்லை, அதில் இருந்தது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் பொய் சொன்னேன் என்றேன். அவள் நிமிரவில்லை.

"ஆங், தெரியும்மா. படியில விழுந்து காலுக்குக் கட்டுப் போட்ட அன்னிக்கே சொல்லிட்டான். 'நாந்தான் அப்படிச் சொல்ல வெச்சேன், அவள ஒண்ணும் கேக்காத, பயந்துக்கும்'னான்." அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டே, "உங்கிட்ட சொல்லலியா அவன்?" என்றாள்.

சொல்லவில்லை, பாவா. அந்த இரண்டு வருடமும் உன் முகத்தைப் பார்க்காமலே தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன். முறைப்பெண் வெட்கப்படுகிறாள் என்று நீ நினைத்திருப்பாய். அதுவும் உண்மைதான். கிருத்திகை முடிந்து நீ மாலையைக் கழற்றியதும் உன்னிடம் ஒன்று சொல்ல இருந்தேன். பொய் சொன்ன பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்ன அன்றுகூட அதைச் சொல்லவில்லை. அது உனக்கு வைத்திருந்தது.