காலை மணிக்கு எடுக்க வேண்டிய சோளம்

சேசு மரி சூசை துணை

ஏலாக்குறிச்சி
20 ஜூலை 1947

ஞானப்பூவுக்கு,

உன் புருஷன் சவரிமுத்து எழுதுவது. தை மாதம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் அப்பா வீட்டுக்குப் போனவளுக்கு ஆடி மாதம் கடிதம் எழுதுகிறானே, இவனுக்கு இப்போதுதான் மை கிடைத்ததா என்று கேட்பாய். கேள். கேட்கிற உரிமை உனக்கு உண்டு.

ஊர்ச் சமாச்சாரம் சொல்கிறேன். காரிப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. நெற்றியில் வெள்ளை. நீ வளர்த்த அவரைக்கொடி கூரை மேல் ஏறி அண்ணன் வீட்டுப் பக்கம் காய்க்கிறது. நம் பக்கம் இலைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். வானம் இந்த வருஷமும் சரியில்லை. புரட்டாசியில் மேட்டுக்காட்டில் சோளம் போட வேண்டும். விதையை ஊறவைத்துப் போட்டால் குறைந்த மழையிலும் பிடித்துக்கொள்ளும் என்று நீ சொல்வாயே, அந்த முறை எனக்கு மறந்துவிட்டது, விவரமாக எழுது. போன வருஷம் ஊறவைத்த மூன்று மரக்காலும் முளைக்காமல் போய், அண்ணன் வரப்பில் நின்று உன்னைக் கண்டபடி பேசியது எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன். அண்ணனுக்குத் தெரியாது.

நீ பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளைகளை அடிக்காதே.

சவரிமுத்து

---

வரதராஜன்பேட்டை
2 ஆகஸ்ட் 1947

ஏலாக்குறிச்சியில் இருக்கும் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கன்றுக்குச் சீம்பால் முழுதும் குடிக்க விடுங்கள். உங்களுக்குச் சீம்பால் என்றால் கை நீளும் என்று எனக்குத் தெரியும்.

ஊறவைக்கும் முறையைப் பத்துத் தடவை சொன்னேன். பதினோராவது தடவை எழுதுகிறேன். கோயிலில் சாயங்காலத் திரிகால மணி அடிக்கும்போது விதையைத் தாழியில் கொட்டி, வடிகட்டிய சாணிப்பால் ஒரு கரண்டி கலந்த கிணற்றுத் தண்ணீரை அது மூழ்க ஊற்றுங்கள். மிதக்கும் சாவி விதைகளைத் தள்ளிவிடுங்கள். மறுநாள் காலை மணி அடிக்கும்போது எடுத்து வடித்துவிட வேண்டும். பாயில் பரப்பி நிழலில் துழாவுங்கள். உள்ளங்கையில் ஒட்டாமல் உதிர்ந்தால் அன்றைக்கே விதைக்கலாம். மழை ஏமாற்றினால் இன்னும் இரண்டு நாள் நிழலில் காயவைத்து எடுத்து வையுங்கள், ஒரு வாரம் காத்திருக்கும். வெயிலில் மட்டும் போடாதீர்கள். எங்கள் வீட்டில் அம்மா காலத்திலிருந்து இப்படித்தான்.

இப்படிச் செய்தும் என் கையால் ஊறவைத்தது முளைக்கவில்லை. பஞ்ச வருஷத்தில் விதைச் சோளத்தைக் கொன்றவள் என்று உங்கள் அண்ணன் பெரியவர் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் முதலில் ஒரு பிடி சோதித்துப் பார்த்துவிட்டு மீதியில் கை வையுங்கள்.

பிள்ளைகளை அடிப்பதில்லை. முறைத்தாலே போதுமாக இருக்கிறது.

ஞானப்பூ

---

ஏலாக்குறிச்சி
18 ஆகஸ்ட் 1947

ஞானப்பூவுக்கு,

மாதா மோட்சத்துக்கு எழுந்தருளிய திருநாளும் சுதந்திரமும் ஒரே நாளில் வந்ததில் கோயில் மணி அன்றைக்கு ஓயவே இல்லை. உங்கள் பள்ளிக்கூடத்திலும் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்திருப்பார்களே.

ஒரு பிடி ஊறவைத்துப் பார்த்தேன். நன்றாக முளைத்தது. முறையில் குற்றமில்லை.

ஒரு சின்ன மனத்தாங்கல். உன் கடிதம் என்று ஆசையாகத் தபால்காரரிடம் கை நீட்டினால், உறைமேல் மாமாவின் கையெழுத்து இருக்கிறது. உன் அப்பாதான் ஏதோ கோபத்தில் எழுதிவிட்டாரோ என்று உறையைப் பிரிக்கவே பயந்தேன். வகுப்பில் அறுபது பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடுகிறவளுக்கு என் ஒருவன் பெயரை எழுதக் கை வரவில்லையா?

அண்ணன் மூட்டுவலியோடு உழவு ஓட்டுகிறார். வேறென்ன எழுத? அவரைக்கொடி பூத்துக் கொட்டுகிறது.

சவரிமுத்து

---

வரதராஜன்பேட்டை
29 ஆகஸ்ட் 1947

அவர்களுக்கு,

புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள் கையால் மட்டும் எழுதுவாளா? உங்கள் பெயரை எழுதும் வேலையை அப்பாவிடம் விட்டிருக்கிறேன். அவர் கையெழுத்து என்னுடையதைவிட அழகு.

முறையில் குற்றமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் பானையை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இங்கே வந்த நாளிலிருந்து வாரா வாரம் ஒரு கிண்ணத்தில் ஒரு பிடி சோளம் ஊறவைக்கிறேன். நான் எங்கே தவறினேன் என்று கண்டுபிடிக்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாணிப்பாலைக் கூட்டினேன், குறைத்தேன். உப்புத் தண்ணீரில் போட்டேன். ஏலாக்குறிச்சித் தண்ணீர்தான் காரணமோ என்று அந்தப் பக்கம் போய்வந்த ஒருவரிடம் ஒரு செம்பு கொண்டுவரச் சொன்னேன். எல்லாம் முளைத்தது.

ஒரே ஒரு கிண்ணம் முளைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்துக்கு வந்த வாரம் அதை மறந்து, ஒரு முழு நாள் கழித்து எடுத்தேன். எல்லாம் முளை எட்டிப் பார்த்து வெள்ளை மூக்கு விட்டிருந்தது. எதற்கும் பார்ப்போம் என்று காயவைத்து ஊன்றினேன். மண்ணோடு மண்ணாகப் போயிற்று. மூக்கு விட்ட விதையைக் காயவைத்தால் அது செத்த விதை.

ஆனால் போன வருஷம் அது நடந்திருக்க முடியாது. ஊறவைத்த கையோடு நான் சின்னம்மா சாவுக்குத் திருமானூர் போனேன். காலை மணிக்கு எடுத்ததாக நீங்கள்தான் சொன்னீர்கள். அப்படியானால் வேறு என்ன, என்று உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். எனக்கு இது தெரிந்தாக வேண்டும்.

ஞானப்பூ

---

ஏலாக்குறிச்சி
9 செப்டம்பர் 1947

ஞானப்பூவுக்கு,

நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இந்த ஐந்தாவதில் எழுதுகிறேன்.

காலை மணி அடித்தது. என் காதில் விழுந்தது. எழுந்தேன். அப்போது நம் பண்ணையாள் பாவாடை வந்து, "கொள்ளிடத்துல புதுத்தண்ணி வந்துருக்கு, மீனு கரையேறுதுங்க, வாங்க" என்று கூப்பிட்டான். வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று போனேன். போனவன் அன்றைக்குப் பொழுதும் போக்கி, மறுநாள் காலை மணிக்குத்தான் தாழியைப் பார்த்தேன். நீ சொன்ன அதே வெள்ளை மூக்கு. பயந்துவிட்டேன். களத்தில் கொட்டி வெயிலில் காயவைத்து, முளையைக் கையால் தேய்த்து உதிர்த்தேன். சாயங்காலம் நீ வந்தபோது அது பார்க்க நல்ல விதை மாதிரி இருந்தது. நீயே அதைக் கூடையில் எடுத்துக் கொடுத்தாய்.

நீ அன்றைக்குக் கெண்டைமீன் குழம்பு வைத்தாயே, நான் பானைத் தண்ணீரில் உயிரோடு போட்டுவைத்திருந்த அந்த மீன்தான். எனக்கு மூன்று துண்டு வைத்து உனக்கு வால் பக்கம் ஒன்று வைத்துக்கொண்டாய்.

பிறகு அண்ணன் வரப்பில் நின்று, "வெதைய தண்ணில போட்டு சாவடிக்கச் சொன்னது யாரு? ஒம் பொண்டாட்டியா?" என்று கேட்டார். ஆள்களெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் போனால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு நாள் போனதும் சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று. நீ பெட்டியைத் தூக்கிய அன்றைக்குக்கூடச் சொல்லவில்லை.

முறை மறந்துவிட்டது என்று நான் ஆடியில் எழுதியது பொய். உனக்கு எழுத ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

சவரிமுத்து

---

வரதராஜன்பேட்டை
18 செப்டம்பர் 1947

கடிதம் வந்தது.

நான் போன தபசு காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஒரு குடும்பத்தின் விதையை அழித்துவிட்டேன் சுவாமி என்று சொல்லி அழுதேன். சாமியார் செபமாலையில் ஐம்பத்து மூன்று மணி செபம் ஒன்பது நாள் சொல்லச் சொன்னார். முட்டி போட்டுச் சொன்னேன். நீங்கள் மீன் பிடித்ததற்கு நான் முட்டி போட்டிருக்கிறேன்.

விதை போனதற்கு எனக்குக் கோபமில்லை. மறதி யாருக்கும் வரும், எனக்கே வந்தது. ஆனால் என் கையை நானே வெறுக்கும்படி ஒரு வருஷம் விட்டுவைத்தீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

என்னிடம் எழுதியது போதாது. எந்த வரப்பில் வாயை மூடி நின்றீர்களோ அந்த வரப்பில் திறங்கள். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

விதைப்பு நெருங்குகிறது. காலை மணிக்கு எடுங்கள்.

ஞானப்பூ

---

ஏலாக்குறிச்சி
14 அக்டோபர் 1947

ஞானப்பூவுக்கு,

இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் கடைசியில் நல்ல ஒரு மழை விழுந்தது. அன்று சாயங்கால மணிக்கு ஒன்றரை மரக்கால் தாழியில் போட்டேன். தாழிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தேன். காலை மணியின் முதல் அடிக்கு என் கை தண்ணீருக்குள் இருந்தது. நிழலில் பரப்பித் துழாவிக்கொண்டிருக்கும்போது அண்ணன் பார்த்துவிட்டார். முகம் கறுத்தது. "காட்டுக்கு வாங்க, அங்க சொல்றேன்" என்றேன்.

அதே வரப்பு. விதைக்க வந்த ஆண்டாயி, பாவாடை, இன்னும் நாலு பேர் இருந்தார்கள். மீன் பிடிக்கப் போனதிலிருந்து முளையைத் தேய்த்தது வரை சொன்னேன். மறைக்க மாட்டேன், கொஞ்சம் அழவும் செய்தேன்.

அண்ணன் ஏர்க்காலைப் பிடித்தபடியே நின்றார். அப்புறம், "ஒரு வருசமா அந்தப் புள்ளைய ஏசின வாயிடா இது. இத நான் எங்க போயி கழுவுறது?" என்றார். ஆண்டாயிதான், "மீனு ருசியா இருந்துச்சாங்க?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

பாதிக் காட்டில் ஊறிய விதை, பாதிக் காட்டில் ஊறவைக்காத காய்ந்த விதை. உன்னுடையது நாலாம் நாள் தலை காட்டியது. மற்றது ஏழாம் நாள். அதற்குள் மழை நின்றுவிட்டது. காய்ந்த பாதி இப்போது சொட்டை சொட்டையாக நிற்கிறது. உன் பாதி சாண் உயரம். அண்ணன் தினமும் போய் விரலை வைத்து அளக்கிறார். யாரிடமும் சொல்வதில்லை, ஆனால் அளக்கிறார்.

நீ சொன்ன செபமாலையைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று தெரியவில்லை. ஒன்பது நாள் நானும் முட்டி போட்டுச் சொல்லி முடித்தேன்.

அண்ணன் உன்னை அழைக்கத் தானே வருகிறேன் என்கிறார். எனக்குக் கூப்பிட வாய் இல்லை. இருந்தாலும் கூப்பிடுகிறேன். வீடு வீடாக இல்லை, ஞானப்பூ. அவரைக்காய் மட்டும் நம் பக்கமும் காய்க்க ஆரம்பித்திருக்கிறது.

சவரிமுத்து

---

சேசு மரி சூசை துணை

வரதராஜன்பேட்டை
5 நவம்பர் 1947

அன்புள்ள உங்களுக்கு,

கல்லறைத் திருநாள் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வரப்பு வரும் இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், "மாப்ளைக்கு கெண்டைன்னா அவ்ளோ பிரியமா?" என்று மட்டும் கேட்டார்.

பெரியவர் இங்கே வர வேண்டாம். மூட்டுவலியோடு கரி போட்டு ஓட்டும் பஸ்ஸில் இடிபட்டு வந்து என் முன்னால் அவர் தலை குனிவதை என்னால் பார்க்க முடியாது. அவர் தெரியாமல்தானே பேசினார். விரலை வைத்து அளக்கிறார் என்று எழுதினீர்களே, எனக்கு அது போதும்.

அறுபது பிள்ளைகளை நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. கிறிஸ்து பிறப்பு லீவு விட்டதும் நீங்கள் வண்டி கட்டி வாருங்கள். ஏலாக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு ஆள் வேண்டுமாம், எங்கள் பள்ளிக்கூடத்துச் சிஸ்டரம்மா எனக்காக எழுதியிருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு அது இடைஞ்சல் என்று யாராவது சொன்னால், இந்தத் தடவையாவது நீங்கள் வாயைத் திறங்கள்.

கோபம் முழுதும் போய்விட்டதா என்றால் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. கொண்டுவந்து அங்கே தீர்த்துக்கொள்கிறேன். நேற்று ஊறவைக்கக் கிண்ணத்தை எடுத்தேன். எதற்கு என்று நினைத்துப் பார்த்துவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அதன் பிறகு நிறைய நேரம் அழுதேன். நிம்மதியாகத்தான்.

இந்த உறையைப் பார்த்ததும் பயப்படாதீர்கள். எழுதியது அப்பா இல்லை. மூன்று உறையை வீணாக்கி நாலாவதில் உங்கள் பெயரை நானே எழுதியிருக்கிறேன். கோணலாக இருக்கும். தபால்காரர் தெருவில் நின்று அதைப் படித்துக் கூப்பிடும்போது, நான் கூப்பிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஞானப்பூ