சயனைடு மேட்டில் நீங்கள் முதுகு காட்டி உட்கார்ந்த காலை

பக்கத்து வீட்டுக்காரர் இன்று காலை மொபெட்டைச் சாய்த்துப் போட்டு செயினுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். அந்த வாடை சமையலறைக்குள் வந்ததும் எனக்கு வேலை ஓடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால், ஆரம்பித்துவிட்டாயா என்று கிண்டல் செய்திருப்பீர்கள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே உங்கள் துப்பாக்கிக்கும் எனக்கும் ஆகாது. தங்க மைன்ஸை விட்டுப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் உங்கள் அப்பாவுக்கு விற்ற வேட்டைத் துப்பாக்கி அது. வேட்டைக்குத் தடை வந்த பிறகும், நம் கடலைக்காட்டில் பன்றி விரட்டவென்று லைசன்ஸைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தீர்கள். ஒருமுறை சுட்டால் காலித் தோட்டாவை வெளியே எறிந்துவிட்டு அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். அதற்கு வயதானதும் எறிவதும் ஏற்றுவதும் அதன் இஷ்டம் என்றாகிவிட்டது. தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றினீர்கள், தேய்ந்த கொக்கியை அரத்தால் ராவினீர்கள். ஆனால் மைசூர் மைன்ஸ் பிட்டரின் புத்தி எங்கே போகும்? சுரங்க ஷாப்டில் தண்ணீர் சொட்டுகிற இடத்து மெஷினுக்குப் பூசும் கெட்டி கிரீஸை இதற்கும் அப்பினீர்கள். உங்களுக்குத் துரு ஒன்றுதான் எதிரி.

அது தேர்தல் சமயம். துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க அன்றுதான் கடைசி நாள். விடியற்காலைப் பனியில், பன்றியை மிரட்ட வானத்தைப் பார்த்துச் சுட்டிருக்கிறீர்கள். குளிரில் கிரீஸ் இறுகிப்போய், அடுத்த தோட்டா உள்ளே நுழைகையில், அதைத் தள்ளி மூடுகிற போல்ட் பாதியில் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. டூல்ஸ் வீட்டில்தானே என்று போர்வையில் சுற்றி எடுத்து வந்தீர்கள்.

மைன்ஸ்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய நம் ஸ்கெலட்டன் லைன் வீட்டில் அதை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது? ஒரு சுவருக்கு அப்பால் பிள்ளை பெற்ற பெண், மறுசுவருக்கு அப்பால் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர், வாசலில் குழாயடிக் கூட்டம். தங்கம் பிரித்தபின் கொட்டிய மணல் குன்றாய் நிற்கிற சயனைடு மேட்டுக்குக் கொண்டுபோய் மணலைப் பார்க்க வைத்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். குண்டு மணலுக்குள் போய்விடும், அப்புறம் பயமில்லையே என்று கேட்டேன். பொய் சொல்ல உங்களுக்கு வராது.

"முழுசா மூடாம வெடிச்சா முன்னாடி மட்டும் போவாது. புடிச்சிருக்கிறவன் மூஞ்சிக்கும் வரும்."

வழியெல்லாம் நான் முன்னால் நடந்து, எதிரே வந்தவர்களை ஏதேதோ சொல்லி ஒதுக்கினேன். மேட்டடியில் என்னைத் தூரத்தில் நிறுத்தினீர்கள்.

"சத்தம் வந்தாலும் வராத, வரலன்னாலும் வராத."

அப்புறம் உங்கள் முதுகு மட்டுமே தெரிந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினீர்கள், காத்திருந்தீர்கள், மறுபடி ஊற்றினீர்கள், மரக்கட்டையால் மெல்லத் தட்டினீர்கள். ஒவ்வொரு தட்டுக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், மாதாவையும் விடவில்லை. கடைசியில் எழுந்து, வெடிக்காத தோட்டாவைத் தூக்கிக் காட்டினீர்கள்.

ஓடிவந்து பார்த்தால் உங்கள் கை நடுநடுங்கிக்கொண்டிருந்தது. தினமும் சுரங்கத்துக்குள் கேஜில் இறங்குகிற மனிதர், கீழே பாறை சரிந்த அன்றுகூட வீட்டுக்கு வந்து நிதானமாகச் சோறு கேட்டவர். இன்னாங்க இது என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பயம் தினிக்கும்தான் இருக்குது. உன்கிட்ட காட்டினா நீ இன்னா ஆவ?"

அன்று சாயங்காலமே துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போயிற்று. தேர்தல் முடிந்தும் நீங்கள் அதைத் திரும்ப வாங்கவில்லை. பன்றி தின்றது போக மிஞ்சுகிற கடலை நமக்குப் போதும் என்றுவிட்டீர்கள்.

வீட்டில் நான் ஒருத்திதான் பயந்தாங்கொள்ளி என்று அதுவரை நம்பியிருந்தேன். இப்போது மைன்ஸும் இல்லை, நீங்களும் இல்லை. நம் மகன் ரயிலில் பெங்களூர் போய் வேலை செய்துவிட்டு வருகிறான். ரயில் தாமதமானால் என்னால் உள்ளே உட்கார முடிவதில்லை. வாசலில் என்னைப் பார்த்ததும், பயந்துட்டியாம்மா என்று கேட்கிறான். கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு, சும்மா காத்துக்கு நின்னேன்பா என்கிறேன்.