பாலைத்திடலை மூடிய விதி

1937 பெப்ரவரி 9, கற்பிட்டி

கப்பலால் இறங்கி ஒரு கிழமை ஆகிறது. இன்றைக்கும் வாப்பாவின் கடைக்கு வந்தவர்கள் அதையே கேட்டார்கள். லண்டனில் மகன் என்ன படித்தார்? சட்டம் படித்துப் புறக்டரா? இல்லை. டொக்டரா? இல்லை.

பல தேசத்து அரசுகள் கூடியிருந்து எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி செய்கின்றன. அது எப்படிப் பிறக்கிறது, எப்படி வளர்கிறது, ஊருக்கு வந்தபின் நன்மை செய்ததா என்று எப்படி அறிவது, இதுதான் என் படிப்பு என்றேன்.

வாப்பா கேட்டார்: "சரி மகன், இதுக்கு ஆர் சம்பளம் தாற?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

மார்ச் 2

வாப்பாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. தொற்றுநோய்த் தடுப்பு உடன்படிக்கை சிறு துறைமுகங்களில் எப்படி நடக்கிறது என்று மதிப்பிட ஐரோப்பாவிலிருந்து ஹார்மன் என்ற துரை வந்து புத்தளத்தில் தங்கியிருக்கிறார். தமிழும் தெரிந்து, உடன்படிக்கையும் தெரிந்த ஓர் ஆள் அவருக்கு வேண்டுமாம். இந்தக் கரையில் என்னைவிட்டால் யார்?

ஏப்ரல் 17

துரையோடு கரை நீளத்துக்கும் அலைகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் ஒரே கேள்வி: நோய் வந்தபோது யாருக்கு அறிவித்தீர்கள்? மீன்பிடிகாரர் அவரைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்க்கிறார்கள்.

உடன்படிக்கையில் நீராவிக் கப்பலுக்குப் பக்கம் பக்கமாக விதி இருக்கிறது. கப்பலில் வைத்தியர் இருந்தால் சலுகை, பத்திரம் இருந்தால் சலுகை. பாய்க்கட்டுத் தோணிக்கு ஒரேயொரு பந்தி: நிறுத்து, மூடு. லண்டனில் இருந்து படிக்கும்போது அது எனக்கு உறுத்தவேயில்லை. இன்று தோணிகளின் பக்கத்தில் நின்றபோது உறுத்தியது. அந்த மாநாட்டில் கப்பல் கம்பெனிக்காரர் இருந்தார்கள். பாய் கட்டுகிறவன் ஒருவன் இருந்தானா?

துரையிடம் சொன்னேன். "யாராவது எழுதித்தானே ஆகவேண்டும், மிஸ்டர் றவூப்" என்றார்.

ஜூன் 11

பாலைத்திடல் என்ற மீன்பிடி ஊரின் தோணி முதலாளி, சம்மாட்டி இன்னாசித்தம்பி அண்ணன், கடைக்குப் பின்பக்கமாக வந்தார். முகம் காய்ந்து கிடந்தது.

"தம்பி, எங்கட ஊரில நாலைஞ்சு பேருக்கு வாந்திபேதி. அக்கரையால வந்த தோணியோட வந்திருக்கும் போல. மருந்து ஏதும் கிடைக்குமோ?"

துரைக்கு அறிவிப்போம் என்றேன்.

"ஐயோ, வேணாம். கரைய மூடிப்போடுவாங்க. தலவிலக் கோயில் திருநாளும் வருகுது, கருவாடு விக்கிற காலம். மூடினா சனம் என்னத்தைத் தின்னும்?"

நான் விதியை விளக்கினேன். மறைக்காமல் அறிவிக்கும் இடத்துக்கு வைத்தியரும் மருந்தும் உணவும் உடனே வரவேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அந்தப் பிரிவைப் புகழ்ந்து லண்டனில் கட்டுரையே எழுதியிருக்கிறேன். அவர் தோளிலிருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"நீங்க படிச்சவர். நீங்க சொன்னாச் சரி."

ஜூன் 12

இன்னாசித்தம்பி அண்ணன் தானே வந்து துரையின் முன்னால் நின்று சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். துரை எழுந்து அவருக்குக் கை கொடுத்தார். இந்தக் கரையில் தானாக வந்து அறிவித்த முதல் மனிதர் இவர்தானாம். பெருமையாக இருந்தது, மறைக்கமாட்டேன்.

ஜூன் 14

பாலைத்திடலை மூடிவிட்டார்கள். நிலத்தோடு சேர்கிற மணல்வழியில் கயிறு கட்டி மஞ்சள் கொடி. காவல்காரர் தடியோடு. தோணிகளையெல்லாம் மேலே இழுத்துப் போட்டுப் பாய்களைக் கொண்டுபோய்விட்டார்கள்.

நாளைக்கு வைத்தியர் வருவார்.

ஜூன் 19

வைத்தியர் வரவில்லை. மருந்து வரவில்லை. வாப்பா அரிசி மூட்டைகள் அனுப்பினார். காவல்காரர் அதைக் கயிற்றடியில் வைக்க மட்டும் விட்டார்கள்.

துரையிடம் கேட்டேன். உதவிப் பிரிவு இந்த நாட்டுக்குப் பொருந்தாதாம். கையெழுத்துப் போடும்போது குடியேற்ற நாடுகளுக்கு அந்தப் பிரிவை மட்டும் விலக்கிவிட்டார்கள். மூடும் பிரிவு பொருந்தும். "கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்களே."

பார்த்திருக்கிறேன். ஒப்புக்குப் போட்ட விலக்கு, சனம் சாகும் நேரத்தில் எவனும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டான் என்று நினைத்திருந்தேன்.

இதே நோயோடு போன கிழமை கொழும்புக்கு ஒரு பெரிய கப்பல் வந்ததாம். அதில் வைத்தியர் இருந்தார். நோயாளிகளை இறக்கிவிட்டு அடுத்த நாளே புறப்பட்டுவிட்டது.

இன்னாசித்தம்பி அண்ணனின் மகள் றோசமேரிக்கு இது நிறைமாதம். கற்பிட்டி மருத்துவச்சி மர்ளியா றாத்தாதான் அங்கே எல்லாப் பேறும் பார்க்கிறவ. "என்ன விடுவாங்களா தம்பி?" என்று றாத்தா கேட்டா. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 23

றோசமேரி செத்துப்போனாள்.

வாந்திபேதியில் இல்லை. ஊருக்குள் நோய் அடங்கிக்கொண்டு வருகிறது. பிள்ளை குறுக்கே கிடந்திருக்கிறது. விடியத் தொடங்கிய நோவு. றாத்தா கயிற்றடியில் போய் நின்றா. விடவில்லை. உள்ளே போனால் பிறகு வெளியே வரமாட்டேன், அங்கேயே கிடக்கிறேன் என்று சொன்னா. அப்போதும் விடவில்லை. துரையின் உத்தரவு வேணுமாம்.

சைக்கிளில் புத்தளத்துக்கு ஓடினேன். துரை சாப்பாட்டு மேசையில் இருந்தார். கெஞ்சினேன். என்ர வாழ்க்கையில் ஒருத்தனிட்டயும் அப்பிடிக் கெஞ்சினதில்ல. அவர் கோபப்படவுமில்லை. "ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் அது விதி இல்லை. இது எனக்குத் தெரிவதைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்."

தெரியும். என்ன மயிரைத் தெரியும்?

திரும்பி வரும்போது றாத்தா மணலில் குந்தியிருந்தா. கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து பெண்களின் ஒப்பாரி கேட்டது. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இருந்து இருந்து இப்பத்தான் கேட்டுட்டு வந்தியா?" என்றா.

பிள்ளையும் தப்பவில்லை.

ஜூன் 24

ஒன்றும் எழுத வரவில்லை.

ஜூலை 20

கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். பாலைத்திடலுக்குப் போனேன். பாய்களை ஓர் ஒழுகும் கொட்டிலில் மழையில் நனைய விட்டிருந்தார்கள். பாதி உக்கிப்போய்த் திரும்பி வந்திருக்கின்றன. இன்னாசித்தம்பி அண்ணன் ஒரு பாயை விரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். பாயின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அவரே சொன்னார்: "உங்களில பிழையில்ல தம்பி. நம்பினது நான்தானே."

ஏசியிருந்தால் பரவாயில்லை. இது இன்னும் கிடந்து அறுக்கிறது.

1938 மே 6, புத்தளம்

துரையின் மதிப்பீடு முடிந்துவிட்டது. ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு அதன் சுருக்கத்தை வாசித்தார். பக்கத்தில் நின்று தமிழில் சொல்வது என் வேலை. உப்பு முதலாளிகள், தென்னந்தோட்டக்காரர், கப்பல் ஏஜெண்டுமார் எல்லோரும் கதிரைகளில் இருந்தார்கள். பாலைத்திடலிலிருந்து ஒருவருமில்லை.

பாலைத்திடலில் விதி வெற்றியாக நடந்தது. நோய் வெளியே பரவவில்லை. அதன்பின் இன்றுவரை இந்தக் கரையில் எங்கிருந்தும் ஒரு நோயும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே இதே முறையை மற்றக் குடியேற்ற நாடுகளுக்கும் சிபாரிசு செய்கிறார்.

வரிக்கு வரி சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த இடம் வந்தது. பரவவில்லை என்பது உண்மைதான். ஆனால் அறிவிக்கப்படவில்லை! போன மாரியில் இரண்டு ஊரில் வாந்திபேதி வந்து செத்தவர்களை இரகசியமாகப் புதைத்தார்கள். றாத்தாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பயத்தை அளந்துவிட்டுச் சுகம் என்று எழுதியிருக்கிறார்கள்.

தமிழில் நான் சொன்னது இதுதான்: "இனிமேல் ஒருவரும் அறிவிக்கமாட்டார்கள், அறிவித்த ஊரைத் துரை பட்டினி போட்டுவிட்டார். இன்னாசித்தம்பி சம்மாட்டியின் மகள் றோசமேரியையும் பிள்ளையையும் நோய் கொல்லவில்லை, கயிறுதான் கொன்றது."

கதிரையில் இருந்த ஒருவர் இருமினார். துரை திரும்பி, "இவ்வளவு நீளமாக நான் சொல்லவில்லையே" என்றார். அதையே இங்கிலீசில் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பெண் நோயால் இறக்கவில்லை. ஆகவே அது இந்த மதிப்பீட்டுக்குள் வராது. நீங்கள் போகலாம், மிஸ்டர் றவூப்."

வெளியே வந்தபோது கப்பல் ஏஜெண்டு ஒருவர் பின்னால் வந்து தோளில் தட்டினார். "நல்ல எதிர்காலம் இருந்த ஆள் நீர்" என்றார்.

மே 30

பட்டத்துக்கு அனுப்பிய என் ஆய்வில் பாலைத்திடல் பற்றிய மூன்றாம் பகுதியைத் திருத்தித் தரும்படி லண்டனில் கேட்கிறார்கள். நேரில் கண்டது சான்று ஆகாதாம், வெளிவந்த மதிப்பீட்டை ஆதாரமாகக் கொள்ளவேண்டுமாம். திருத்தப்போவதில்லை. பட்டம் வேண்டாம்.

வாப்பாவிடம் சொன்னேன். எழுந்து தராசுப் பக்கம் எனக்கு இடம் விட்டார்.

1939 ஓகஸ்ட் 3, கற்பிட்டி

நேற்று மதியம் வடக்குப் பக்கத்து மீன்வாடி ஒன்றிலிருந்து நிக்கொலஸ் என்றொருவர் கடைக்கு வந்தார். கிணற்றில் போடுகிற மருந்துத்தூள் கேட்டார். ஒரு கிணற்றுக்குத் தேவையானதைவிட மிக அதிகம். சீனியும் உப்பும் கேட்டார். எதற்கு என்று கேட்காமல் கட்டிக்கொடுத்தேன். றாத்தாவிடம் மட்டும் சொன்னேன்.

இன்று காலை சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல பொடியன், புதிதாக வந்தவர். தேத்தண்ணீர் கொடுத்தேன். வடக்குப் பக்கம் ஏதும் காய்ச்சல், வயிற்றோட்டம் என்று கேள்விப்பட்டீர்களா என்று கேட்டார்.

"இல்லையே" என்றேன். "சனம் நல்ல சுகம்."

அவர் அதை எழுதிக்கொண்டு போனார். அந்த வாடிக்குப் போக றாத்தா வண்டி கட்டச் சொல்லியிருக்கிறா. நானும் போகவேண்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி சொல்வதற்கு அங்கே ஆராவது வேண்டுமே.